நாட்டு மெட்டும் ஞானக் கீர்த்தனமும்

சென்னையில் தேனாம்பேட்டையை ஒட்டிக் கதீட்ரல் சாலை என்றொரு வீதி செல்கின்றது. மேற்கே அண்ணா மேம்பாலத்தருகில் தொடங்கிக் கிழக்கே சங்கீத வித்வத் சபை நிற்கும் சந்திப்பில் முடியும் இவ்வீதியை, அவசரமின்றி நடப்பவரும் அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். மேற்கு முனையருகே, இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்குமிடத்தில், முன்னாளில் எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. வீதியின் இடையே, மரங்களின் நிழலில், பரிசுத்த ஜார்ஜ் பேராலயம் வெண்ணிறத் தூண்களோடு நிற்கின்றது. 1816-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் கல்கத்தா அத்தியட்சர் மிடில்டன் துரையவர்களால் பிரதிஷ்டை செய்யப்பெற்ற ஆலயம் அது. 1947-ஆம் ஆண்டு செப்டெம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உதயமானதும் அவ்வாலயத்திலேயே. கிழக்கு முனையிலுள்ள வித்வத் சபையோ 1928-இல் நிறுவப்பெற்றது. அதன் பெருமையை மார்கழி மாதத்தில் அப்பக்கம் சென்றோர் அனைவரும் அறிவர்.

சினிமா, தேவாலயம், சங்கீத சபை ஆகிய மூன்றும் ஒரே வீதியில் அமைந்தது தற்செயலே. ஆயினும் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் வரலாற்றைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அவ்வீதியே நினைவுக்கு வருகின்றது. மூன்று வாயில்களிலும் அப்பாட்டு நின்று கேட்டதுண்டு. மூவிடத்தும் பெற்ற மறுமொழி வேறு வேறு.

நம் கல்லூரி மாணவரிற் சிலர், "பாட்டில் வேண்டுவது பொருளன்றோ? மெட்டு வெறும் பாத்திரந்தானே? எந்தப் பாத்திரத்தில் வார்த்தால் என்ன?" என்று வினவுவர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் நியாயமானதன்று. மெட்டு ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தாரோடு பிறந்து, அவர்களுடைய வீட்டுத் திண்ணையிலும் வயல் வரப்பிலும் வளர்ந்து, அவர்தம் மணத்தையும் சுமந்தே வருகின்றது. ஆகவே, ஆலயத்தில் எந்த மெட்டைப் பாடலாம் என்று கேட்போர், எவரெவர் தம் சொந்தக் குரலோடு உள்ளே வரலாம் என்றே கேட்கின்றனர். இதைச் சற்று விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்க்குப் பின்வந்த லுத்தரன் குருமாரும் தங்கள் நாட்டு ஞானப்பாட்டுகளைத் தமிழில் மொழிபெயர்த்து, ஜெர்மானிய ராகங்களிலேயே பாடச் செய்தனர். வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் புரிந்த பப்ரிசியுஸ் ஐயர் இத்துறையிற் பெரிதும் உழைத்தவர். அவர்தம் தமிழன்பை நாம் குறைகூறலாகாது. எனினும் மொழியின் இயல்பு ஒன்று, ராகத்தின் இயல்பு மற்றொன்று. ஜெர்மானியப் பாட்டில் ஓரடிக்கு இத்தனை அசை என்பதும், இன்ன அசையில் அழுத்தம் விழும் என்பதும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. தமிழ்ப் பாட்டின் உயிரோ குறில் நெடில் அளவிலும், அடிதோறும் வரும் எதுகையிலும், சீரைச் சீரோடு கட்டும் மோனையிலும் தங்கியுள்ளது. ஒன்றின் உடலில் மற்றொன்றின் சட்டையை மாட்டினால் நெடிலெழுத்தைக் குறுக்கவும் குற்றெழுத்தை நீட்டவும் நேரும். சொல் சிதையும், கேட்போர்க்குப் பொருள் விளங்காது. புத்தகத்தைக் கையிற் பிடித்து வாசிக்க வல்லவர் ஒருவாறு பாடிவிடுவர். எழுத்தறியாதவர் என்செய்வர்?

கீர்த்தனத்தின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்புகளுள் பல்லவி மீண்டும் மீண்டும் வரும். முன்னின்று பாடுவோர் ஒருவர் சரணத்தைச் சொல்ல, கூடியிருப்போர் பல்லவியை மட்டும் வாங்கிப் பாடினாற் போதும். மூன்றாம் முறை திரும்பும்போது ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் அது மனப்பாடமாகிவிடும். புத்தகமும் வேண்டா; விளக்கும் வேண்டா. கையைத் தட்டத் தெரிந்தவர்க்குத் தாளமும் உண்டு. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த நாட்டில் இஃது எத்துணைப் பெரிய வசதி என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வுண்மையை முற்றும் உணர்ந்து பயன்படுத்தியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த இவர், பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்றவரே. தரங்கம்பாடியில் வேதசாஸ்திரத்தோடு வானசாஸ்திரம், பூகோளம், உடற்கூறு முதலியவற்றையும் கற்ற சாஸ்திரியார், தஞ்சைப் பாடசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, 1864-இல் தொண்ணூறாம் வயதை எட்டும் தறுவாயில் மறையும்வரை பாடிக்கொண்டேயிருந்தார். அவர் இயற்றியவற்றின் பெயர்களை நோக்கினாலே அவருடைய நோக்கம் புலப்படும். உலா, நொண்டி நாடகம், தச்ச நாடகம், கும்மி, குறவஞ்சி முதலியன தெருவிலும் கோயில் வெளியிலும் மக்கள் விடிய விடியக் கண்டு களித்த வகைகளே. வித்துவான்கள் மட்டுமே நுகரத்தக்க அந்தாதியையும் கலம்பகத்தையும் முதற்கண் வைக்காது, நாட்டார் வாயில் வழங்கியவற்றை அவர் எடுத்துக்கொண்டார்.

இவற்றுள் தலைசிறந்தது 1800-ஆம் ஆண்டளவில் எழுந்த 'பெத்லகேம் குறவஞ்சி.' குறவஞ்சியின் கதைப்போக்கைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். தலைவன் பவனி வருவான். தலைவி கண்டு காதல் கொள்வாள். மலைநாட்டுக் குறத்தி வந்து கைபார்த்துக் குறிசொல்வாள். அவளைத் தேடிக் குறவன் பறவை பிடித்துக்கொண்டே வருவான். திருக்குற்றாலத்தில் சிவபெருமானைப் பாடிய கட்டுக்கோப்பு இது. சாஸ்திரியார் ஒன்றையும் மாற்றவில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பவனி வருபவர் பெத்லகேம் நாதர். காதல் கொள்ளும் தேவமோகினி திருச்சபை. குறிசொல்லும் குறத்தியோ விசுவாசம்! குறவன் கையிலுள்ள வலை சுவிசேஷமாகின்றது; அதிற் சிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள். இவ்வளவோடு நில்லாது, தரங்கம்பாடியில் தாம் கற்ற கொப்பர்நிக்கஸின் வானசாஸ்திரத்தையும் இடையே நுழைத்து, சூரியனைப் பூமி சுற்றிவரும் செய்தியைப் பாட்டாகச் சொல்லுகின்றார். விசேஷக் கல்வி என்பது கல்லூரிச் சுவர்களுக்குள் மட்டுமே கிடைப்பதென்று எண்ணும் நம்மவர்க்கு இது நல்லதோர் பாடம். குறத்தியின் வாய்ப்பாட்டைக் கேட்க வந்தவன் கோபர்நிக்கஸையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வீடு திரும்பினான்!

நிற்க. தஞ்சைச் சபையில் 1820-ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் பூசல் விளைந்தது. புதிதாய் வந்த இளங்குருமார் சிலர், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனம் பாடுதலையும், விழாக்களில் மலர் சூடுதலையும் விலக்க முற்பட்டனர்; பழைய வேத மொழிபெயர்ப்பை அகற்றித் திருத்திய மொழிபெயர்ப்பைப் புகுத்தினர்; சாதி வேறுபாடின்றி யாவரும் ஒருங்கே அமர்ந்து நற்கருணை பெறல்வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். சாஸ்திரியார் இந்நான்கையும் கொடுமைகள் என்றே கண்டித்தார். அதன் பயனாக மிஷன் உத்தியோகத்தையும் இழந்தார். தம் பழைய ஆசிரியரின் மாணாக்கரைச் சரபோஜி மன்னர் கைவிடாது ஆதரித்தார்.

இவ்விடத்தில் சாஸ்திரியாரை வெறும் வீரராகவும் குருமாரை வெறும் கொடியோராகவும் எழுதிச் செல்லுதல் எளிது. பலர் அங்ஙனமே எழுதியும் உள்ளனர். என் மனம் அதற்கு ஒருப்படவில்லை. கீர்த்தனத்தைத் தடுத்த குருமார் தமிழ் மக்களின் நாவைக் கட்டினர் என்பது மெய். ஆனால் சாதி வேற்றுமை கூடாதென்று அவர்கள் சொன்னபோது நீதி அவர்கள் பக்கத்திலேயே இருந்தது. குறவஞ்சியையும் கும்மியையும் ஆலயத்திற்கு உரியதாக்கிய அதே சாஸ்திரியார், தம் வேளாளச் சுற்றத்தார் தனியே அமரும் வழக்கத்தை ஆதரித்து நூலும் எழுதினார். குறத்தியின் பாட்டு உள்ளே வந்தது. குறத்தி உள்ளே வந்தாளா என்பது வேறு கேள்வி. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கே நாம் செய்யும் அவமரியாதையாகும். அவர் பாட்டின் பெருமை நம் மூடுதிரையை வேண்டி நிற்பதன்று.

கீர்த்தனங்கள் தோற்றுப்போகவில்லை. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் முதிய சாஸ்திரியாரிடமே பாட்டுகளைக் கேட்டறிந்து, 1853-இல் தமிழ்க் கீர்த்தனங்களைத் தொகுத்து அச்சேற்றினார். அந்நியர் ஒருவர் விலக்கியதை அந்நியர் மற்றொருவர் தேடிச் சென்று பெற்றார் என்பது கவனிக்கத்தக்கது. இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் ஆராதனையில் மேனாட்டு ராகத்துப் பாமாலைகளும் நம் நாட்டுக் கீர்த்தனைகளும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. ஆர்கன் ஓசையில் எழுந்து நிற்கும் சபையாரே அடுத்த நிமிடம் தாளம் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இதன் பின் வந்த புலவர் பெருமக்களைச் சுருங்கச் சொல்லி அமைகின்றேன். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1878-இல் வெளியிட்ட 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எச்சமயத்தாரும் பாடத்தக்கதாய் அமைந்தமையால் கச்சேரி மேடையிலும் இடம்பெற்றது. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' கம்பனைக் கற்றவர்க்குக் கற்கண்டு, கல்லாதார்க்குக் கருங்கல். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' தமிழிசையின் சுருதிகளையே ஆராய்ந்த பேரிலக்கியம். கிறிஸ்தவர் ஒருவர் இந்நாட்டு இசைக்கே இலக்கணம் காண முயன்றதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இனிக் கதீட்ரல் சாலையின் மேற்கு முனைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. 'ஞானசௌந்தரி' என்னும் ஒரே கதையை இரு நிறுவனத்தார் படமாக்கினர். ஒருவர் ஜெமினி வாசன். மற்றவர் சிட்டாடல் கம்பெனியைச் சேர்ந்த ஜோசப் தளியத்தும் நாகூர் அவர்களும். கதை பழையது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட அரசகுமாரி, தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைத் திரும்பப் பெறுகின்றாள். ஐரோப்பாவில் கையிழந்த கன்னியின் கதையாய் வழங்கியது, கத்தோலிக்க மக்கள் வழியாகத் தமிழுக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்தாகவும், தமிழ்நாட்டில் நாடகக் கம்பெனிகளின் மேடை நாடகமாகவும் ஆடப்பெற்றது. சினிமாவுக்கு வருமுன்னரே பாமர மக்கள் அதனைத் தம்முடைய கதையாக்கிக்கொண்டுவிட்டனர்.

அவ்வாண்டிலேயே 'சந்திரலேகா'வை வெளியிட்டு நாடெங்கும் புகழ்பெற்ற வாசன் அவர்களின் 'ஞானசௌந்தரி' எடுபடவில்லை. சிட்டாடல் படமே வாகை சூடியது. இதற்குக் காரணங்கள் பலவாயினும், அப்படத்தில் தேவமாதாவை நோக்கிப் பாடப்பெற்ற ஒரு பாட்டே முதற்காரணம் என்பேன். சிறுமியாய்த் தொடங்கிய ஞானசௌந்தரி அப்பாட்டின் இடையிலேயே மங்கையாய் வளர்ந்துவிடுகின்றாள். சிறுமியின் குரல் ஜிக்கியினுடையது, மங்கையின் குரல் பி. ஏ. பெரியநாயகியினுடையது. இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன். அவரே 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்த 'மீரா'வுக்கும் இசையமைத்தவர். கண்ணனுக்காக உருகிய மீராவின் பாட்டும், தேவமாதாவின் பாதத்தில் ஞானசௌந்தரி வைத்த விண்ணப்பமும் ஒரே மனிதரின் ஆர்மோனியத்திலிருந்து பிறந்தன. பாமர ரசிகர் எவரும் இதனை விபரீதம் என்று கருதவில்லை. என் இளமையில் எங்கள் அண்டை வீட்டில் வாழ்ந்த வைணவ மூதாட்டி ஒருவர், சனிக்கிழமை பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றுவார். அடுப்படியில் இந்தத் தேவமாதா பாட்டை முணுமுணுப்பார். "இது கிறிஸ்தவர் பாட்டல்லவா, பாட்டி?" என்று நான் கேட்டதற்கு, "அம்மா என்று கூப்பிடுகிற பாட்டடா" என்று விடைசொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார். வேதசாஸ்திரக் கல்லூரிகளில் மூன்றாண்டு பயின்றும் நம்மவர் பலர் அடையாத தெளிவு அது.

சினிமா மெட்டு ஆலயத்தைக் கெடுத்துவிட்டது என்னும் முறையீடும் அன்று தொட்டே உண்டு. ஒலிநாடா வந்தபின் அம்முறையீடு வலுத்தது. பெர்க்மான்ஸ் சுவாமியாரின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போன்றவை வீடுதோறும் ஒலித்தபோது, பழைய கீர்த்தனையின் ராகபாவம் போயிற்றே என்று முதியோர் வருந்தினர். அவ்வருத்தத்தில் உண்மையில்லாமல் இல்லை. இரைச்சலையே ஆவியின் எழுச்சி என்று மயங்குவாரும் உளர். எனினும் கும்மியும் நொண்டிச் சிந்தும் சாஸ்திரியார் காலத்தில் தெருக்கூத்துச் சரக்குகளாகவே கருதப்பட்டன என்பதை அம்முதியோர்க்கு நினைவூட்டுதல் தகும்.

கிழக்கு முனையில் நிகழ்ந்தது வேறு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கர்நாடக சங்கீத வித்துவான் ஓ. எஸ். அருண் அவர்கள் சென்னையில் இயேசுநாதரைப் பற்றிய கீர்த்தனைகளைப் பாட இசைந்தார் என்ற செய்தி பரவவே, கடுமையான எதிர்ப்பு மூண்டது. அவர் அக்கச்சேரியிலிருந்து விலகிக்கொண்டார். தியாகராஜ சுவாமிகள் முதலிய மகான்களின் கிருதிகளைச் சொல்மாற்றி அபகரிக்கின்றனர் என்பது எதிர்ப்பாளர் சொன்ன குறை. உடனே டி. எம். கிருஷ்ணா அவர்கள், மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பற்றிய கர்நாடக இசைப்பாட்டொன்றை வெளியிடுவேன் என்று அறிவித்தார்.

இவ்வழக்கில் ஒருபுறம் மட்டும் பேசுதல் நமக்குத் தகாது. ஒருவர் நெஞ்சுருகிப் பாடிய கிருதியில் தெய்வத்தின் பெயரை மட்டும் நீக்கி வேறு பெயரை ஒட்டவைப்பது கவிதையுமன்று, பக்தியுமன்று; அது திருட்டின் பாற்பட்டது. அவ்வாறு செய்வார் எவராயினும் வெட்கப்படவேண்டும். ஆனால் ராகமும் தாளமும் தியாகராஜ சுவாமிகளுக்கும் முற்பட்டவை. சங்கீத மும்மூர்த்திகள் காவேரிக் கரையில் பாடிய அதே காலத்தில், அதே தஞ்சைச் சீமையில், வேதநாயக சாஸ்திரியாரும் பாடிக்கொண்டிருந்தார். அவர் பிறர் வீட்டுப் பந்தியில் அமர்ந்த விருந்தினர் அல்லர், வீட்டுப் பிள்ளை. இரு நூற்றாண்டுக்கு முன் "இது புறமதத்தார் இசை, ஆலயத்தில் வேண்டா" என்று கேட்ட அதே பாட்டு, "இது எங்கள் இசை, உனக்கு உரிமையில்லை" என்று மறுபுறத்திலும் கேட்க நேர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவன் இவ்விரு வாயில்களுக்கும் நடுவே வீதியில் நிற்கின்றான்.

அவ்வாறு நிற்பவனும் தன் கதவைப் பிறருக்குச் சாத்தியதுண்டு. கர்நாடக மெட்டையும் மேனாட்டு மெட்டையும் ஏற்ற நம் சபைகள், பறையை நெடுங்காலம் ஏற்கவில்லை. அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர், 'பரட்டை அண்ணன்' என்று மாணவரால் அழைக்கப்பெற்றவர், 2005-இல் காலமாகும்வரை இக்கேள்வியை விடாது கேட்டு வந்தார். கிராமிய மெட்டுகளிலேயே முழு ஆராதனை முறைமையையும் அமைத்து, பறையோடு பாடச் செய்தார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்பதே நற்கருணையின் பொருள் என்று போதித்தார். அவர் நோக்கில் கிராமிய இசைக்கு மற்றொரு சிறப்புமுண்டு. கீர்த்தனையைத் திருத்த வித்துவான் வேண்டும். பாமாலையைத் திருத்தச் சங்கீத நோட்டு அறிந்தவர் வேண்டும். நாற்று நடும் பெண்ணோ தன் பாட்டைத் தானே கூட்டுவாள், குறைப்பாள், மாற்றுவாள். எவரிடமும் அனுமதி கேளாள். சாஸ்திரியார் நாட்டார் வடிவத்தை எடுத்து நாட்டாருக்குத் தந்தார். அப்பாவு ஐயரோ அதைப் படைக்கும் உரிமையையும் அவர்களிடமே விட்டுவிட விரும்பினார்.

இதற்கும் மறுப்பு உண்டு. அம்மறுப்பு மேட்டுக்குடியினரிடமிருந்து மட்டும் வந்ததன்று. சாவுக்கும் சாமிக்கும் கூலியின்றிப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களிற் பலர், கிறிஸ்தவராகியபோது முதற்காரியமாக அப்பறையையே கீழே வைத்தனர். அவர்கட்கு அது இசைக்கருவியன்று, அடிமைச் சாசனம். அதனை மீண்டும் கையில் எடு என்று படித்தவர் சொல்லும்போது அவர்கள் முகஞ்சுளிப்பதில் தவறென்ன?

சில ஆண்டுகளுக்கு முன் தேனாம்பேட்டைப் பெருவீதிக்குப் பின்னாலுள்ள ஒரு குறுகிய சந்தில், அறிமுகமான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்த மரணத்திற்குச் சென்றிருந்தேன். இளைஞர் நால்வர் பறை முழக்கிக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னே நடந்தனர். ஆலயத்தின் வாயிலை அடைந்ததும் எவரும் சொல்லாமலே முழக்கம் நின்றது. பெட்டி உள்ளே சென்றது. நால்வரும் வெளியே நின்றனர். அவர்களுள் ஒருவனுடைய பாட்டனார் என் பக்கத்தில் நின்றார். சிறுவயதில் ஊரில் தாம் பறையடித்ததாகவும், பட்டணம் வந்து ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் அதைத் தொட்டதில்லை என்றும், பேரன் கல்லூரிக் கலைக்குழுவில் கற்றுக்கொண்டு வந்தபோது ஒரு வாரம் அவனோடு பேசவில்லை என்றும் சொன்னார். "இப்போது பேசுகிறீர்களா?" என்றேன். "அவன் கைக்கு அடி சுத்தமாக வருகிறது ஐயா; என் தகப்பனாருக்கு வந்ததுபோல" என்றார்.

உள்ளே சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். வெளியே பேரன் பழைய காகிதங்களைக் கூட்டித் தீயிட்டு, தளர்ந்த தோலை அனலிற் காட்டிக் கொண்டிருந்தான். பல்லவி திரும்பிய இடத்தில் அவன் விரல்கள் பறையின் சட்டத்தின்மேல் மெல்லத் தாளமிட்டன. கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே போகாமல், அங்கேயே நின்றார்.